சோடாக் கடைப் பக்கத்துப் படி

"சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கும்?"

"யாரோட சட்டைக்கு?"

"ஆம்பளைங்க சட்டைக்கு. பொதுவா. உலகத்துல."

"இடது பக்கம். குனிஞ்சு பாத்தா தெரியப்போகுது. இதுக்கு என்னை எழுப்பணுமா அண்ணா?"

"நான் போட்டிருக்கறது பனியன். இங்க வா பூனை. வந்து இதைப் பாரு."

பூனை என்றால் நான். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வெயில் படும் பக்கமாகத் திரும்பிக் கண்ணயர்ந்துவிடுவேன் என்பதால் சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர். ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுந்து போனேன். கன்னத்தில் மை காய்ந்து இழுத்தது. வரைந்துகொண்டிருந்த தாளின் மேலேயே தூங்கியிருக்கிறேன் போல.

அண்ணன் திரையில் ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் அதை வரைவேன். ஒரு சினிமா தியேட்டரின் மாடி, திறப்பு விழாவன்று எடுத்தது. பின்னால் வெள்ளைத் திரை, முன்னால் இஸ்திரி போட்ட சட்டைகளில் வரிசையாக மனிதர்கள். வலது ஓரத்தில் சோடாக் கடை. இடது ஓரத்தில் சுவர்க் கடிகாரம், முட்கள் தெரியாமல் வெறும் வட்டமாக.

"பாக்கெட்டைப் பாரு. எல்லாருக்கும் அவங்களோட வலது பக்கம். ஒருத்தருக்குன்னா தையக்காரர் ஏதோ ஞாபகத்துல தைச்சுட்டார்னு விட்டுடலாம்."

"எல்லாரும் ஒரே தையக்காரர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

யாரோ எப்போதோ பிலிமைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். படம் இடவலமாகத் திரும்பியிருந்தது. ஒரு வருஷமாக நான் ஒரு கண்ணாடிக்குள் நின்று வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நானும் அண்ணனும் ஒரு படக்கதைப் புத்தகம் செய்துகொண்டிருந்தோம். கதை என்றாலும் கதையில்லை, நடந்தது. நாங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, ஒரு மத்தியானக் காட்சியின் இடைவேளையில், அந்தத் தியேட்டரில் தீப்பிடித்தது. இன்று அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அங்கே கார் நிறுத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அண்ணன் எழுதுவான், பேச்சுக் குமிழ்களுக்குள் எழுத்துகளை உட்கார வைப்பதும் அவன் வேலை. நான் வரைவேன். முதல் பக்கத்தில் அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "இதில் வரும் யாரும் கற்பனை இல்லை." அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்று சோடாக் கடைக்குப் பக்கத்தில், ஒரு தெருவுக்கு இறங்கும். மற்றது கடிகாரத்துக்குக் கீழே, பின்பக்கச் சந்துக்கு இறங்கும். டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறிவிடக் கூடாது என்று ஒரு படிக்கட்டின் அடியில் இரும்புக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது அந்தப் படியில் இறங்கியவர்கள் வெளியே வரவில்லை. விசாரணை அறிக்கையில், திரையைப் பார்த்து நின்றால் இடப்புறப் படிக்கட்டு பூட்டப்பட்டிருந்தது என்று இருக்கிறது. சோடா, கடிகாரம் என்ற பேச்செல்லாம் அதில் கிடையாது. அவை புகைப்படத்தில் இருந்தன. புகைப்படத்தில் சோடாக் கடை வலது பக்கம். ஆகவே சோடாக் கடைப் பக்கத்துப் படிதான் திறந்திருந்தது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அது மட்டுமில்லை. நான் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. பெரிய அட்டையில் மாடியின் வரைபடத்தைப் போட்டு, அன்று அங்கே இருந்ததாகத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தேன். மஞ்சள் ஊசி, கைக்குழந்தைக்காரர். பச்சை ஊசி, தாமதமாக வந்து காலை மிதித்தவர். கறுப்பு ஊசி, குடைக்காரி. ஒரு பக்கத்தை வரைய உட்காரும்போது அட்டையைப் பார்ப்பேன்; யார் யாருக்குப் பக்கத்தில், யார் எந்தப் படிக்குக் கிட்டத்தில் என்று ஊசிகள் சொல்லும். யார் எப்படி வெளியே வந்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

சட்டைகளை மட்டும் என் கை தானாகவே சரி செய்திருந்தது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா ஆண்களுக்கும் பாக்கெட் ஒழுங்காக இடது பக்கத்தில் இருந்தது. கைக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"என்ன பண்ணியிருக்கே தெரியுமா பூனை?" என்றான் அண்ணன். "சோடாக் கடைப் பக்கம் இருந்தவங்க எல்லாரையும் காப்பாத்திட்டே. கடிகாரப் பக்கம் இருந்தவங்க எல்லாரையும் கொன்னுட்டே."

"நான் மட்டுமா? எழுதினது யாரு?"

"நான் ஆம்புலன்ஸ் டிரைவர் மாதிரி. நீ சொன்ன இடத்துக்கு வந்தேன், அவ்வளவுதான்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல படத்தை அப்படியே திருப்பிப் போட்டா?"

"போட்டா பூட்டும் சேர்ந்து திரும்பும். அறிக்கையில இடதுன்னு இருக்கு, நம்ம புத்தகத்துல வலது பக்கம் தொங்கும்."

"அப்ப?"

"அப்ப ஒரே வழிதான். அந்தப் படியில இறங்கி வந்தவங்களை எல்லாம் திரும்ப உள்ள அனுப்பணும். ஒவ்வொருத்தரா. கையால."

அண்ணன் பனியனின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். இரண்டு பேரும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சோடாக் கடையை ஒட்டினாற்போல் கறுப்பு ஊசி நின்றிருந்தது.

"குடைக்காரி," என்றான்.

"அத்தைகிட்ட கேக்கணும்," என்றேன்.

அன்று அந்த மாடியில் இருந்தவர்களில் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது ஒரே ஒருவரை. அதற்காக ஊரெல்லாம் அலைந்தோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை, அன்றும் இன்றும். போன வருஷம் ஒரு மத்தியானம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள். தீயைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "கண்ணைத் தெறந்தப்ப ரோட்டுல உக்காந்திருந்தேன், நடுவுல ஒண்ணும் இல்ல" என்றார். அதை நான் அப்படியே வரைந்தேன். ஐந்து கறுப்புக் கட்டங்கள். அண்ணன் அவற்றில் ஒரு எழுத்துக்கூட வைக்கவில்லை.

குடைக்காரியைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார். அத்தை கடையில் வேலைக்குச் சேர்ந்த அதே வாரம் சேர்ந்த பெண். மழையோ வெயிலோ, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். "தூங்கறப்பவும் வெச்சுக்குவியாடின்னு கேப்போம். இல்லடி, அது என்னைவிடப் பெருசு, கட்டில்ல எடம் பத்தாதும்பா." அத்தை சொல்லும்போதே சிரித்தார். "அன்னிக்கு இடைவேளையில சோடா வாங்கிட்டு வர்றேன்னு போனா. குடையும் கையுமா." அதற்குப் பிறகு அத்தை எழுந்து டீ போட்டார். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து கறுப்பு ஊசியைக் குத்தினேன்.

அறுபத்தொன்றாம் பக்கம் முழுக்க ஒரே படம்தான். தெருவை நோக்கித் திறந்த படிக்கட்டு, அதிலிருந்து வழிந்து வரும் கூட்டம், புகை, செருப்புகள். கூட்டத்தைத் தாண்டி, விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நகத்தளவில் ஒரு பெண் நின்று குடையை விரிக்கப் போகிறாள். மழை இல்லாத தெருவில் அவள் ஏன் குடையை விரிக்கிறாள் என்று எனக்கே தெரியாது. கை போட்டது. போட்டதும் பிடித்துப்போனது. உடைகள் சரியா என்று பார்க்க அந்த ஒரு பக்கத்தை மட்டும் அத்தைக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. இதை நானே வெச்சுக்கவா?" என்று போனில் கேட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் புகைப்படம். வெயில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நடுவே வந்து வந்து போனது. கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் ஓடின. வரைகிற நாளெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடுகிற வெள்ளைக் கோடு வெறும் கோடு இல்லை, இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பதுபோல அது ஒரு நடை. ஒரு கட்டத்தில் கையைத் தூக்கியவர் அடுத்த கட்டத்தில் இறக்கியிருப்பார். அதற்குள் அந்த நடையில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். தீயிலிருந்து ரோட்டுக்கு வந்த அத்தையும் அங்கேதான் எங்கோ கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

பாதித் தூக்கத்தில் நானும் அதற்குள் நடந்தேன். சத்தமே இல்லை, தாளின் வாசனை. ஒரு பக்கம் சோடாப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், குடையின் நுனி தரையில் ஊன்றியிருந்தது. "இந்தப் பக்கம் இறங்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டி, நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது என்றார்.

ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

கடையில் அத்தை ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் சுவர்க் கண்ணாடியில் தன்னை இந்தக் கோணம் அந்தக் கோணம் என்று பார்த்துக்கொண்டு திருப்தியில்லாமல் நின்றார்.

"இது என் மூஞ்சிக்கு சரியா இருக்காம்மா?"

"இருக்கறதுலேயே உங்க மூஞ்சிக்கு எடுப்பா இருக்கறது இதுதான் சார். இதுக்கு மேல வேணும்னா மூஞ்சியத்தான் மாத்தணும். அந்த வேலை நம்ம கடையில இல்ல."

அவர் சிரித்துவிட்டார். அதையே வாங்கிக்கொண்டு போனார்.

"வா கண்ணு. உன் அண்ணன் போன் பண்ணான், நீ வர்றேன்னு. குரலே சரியில்ல அவனுக்கு. என்ன, எவளாவது வேணாம்னு சொல்லிட்டாளா?"

"இல்ல அத்தை. பாக்கெட்."

"பாக்கெட்டா?"

புகைப்படத்தை மேஜையில் வைத்தேன். கையளவு லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே பிடித்தார். ஒரு கணம்தான்.

"திரும்பியிருக்கு," என்றார்.

"பாத்த உடனே சொல்றீங்க!"

"காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் எனக்கு இதே வேலைதானேடி. கடை நீளம் பத்தல. கண் டெஸ்ட் பண்ற எழுத்து அட்டையைக்கூடத் திருப்பித்தான் மாட்டி வெச்சிருக்கோம், எதிர்க் கண்ணாடியில பாத்துப் படிக்கறாங்க. இந்தப் போட்டோவ நீ என்கிட்ட காட்டவே இல்லையே. படம் மட்டும்தானே அனுப்பின."

காட்டவில்லைதான். உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை வரும் வழியெல்லாம் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அத்தை, சோடாக் கடைப் பக்கத்துப் படி..."

"பூட்டின படி."

ஒரு பிரேமின் திருகாணியை இறுக்கிக்கொண்டே சொன்னார். கடலை உரிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

"அப்ப குடைக்காரி?"

திருகாணியை விட்டுவிட்டுக் கடைசி இழுப்பறையைத் திறந்தார். பரிசோதனை லென்ஸ்கள் வைக்கிற பெட்டியின் அடியிலிருந்து, மடிப்பு விழாமல், அறுபத்தொன்றாம் பக்கம் வந்தது. அதை மேஜை விளக்கின் கீழே பரப்பி, விளக்கோடு சேர்ந்த பெரிய லென்ஸைத் தாளின் மூலைக்கு இழுத்தார்.

"பாரு."

குனிந்தேன். என் கோடுகள் கயிறுபோலத் தடித்துத் தெரிந்தன. இரண்டு புள்ளிகள் கண்கள், சின்ன வளைவு வாய். அவ்வளவுதான் நான் போட்டது. ஆனால் அந்த லென்ஸுக்குள் அவள் யாரையோ தேடிக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லத்தான் போன எடுத்தேன். நீ, டிரெஸ் எல்லாம் சரியா இருக்கா அத்தைன்னு கேட்ட. டிரெஸ் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை தொடர்ந்தார்.

"மொத நாள் பாத்தப்ப ஒன்மேல அப்படி ஒரு கோவம். விவரம் கெட்ட கழுதை, என்ன வரைஞ்சு வெச்சிருக்கா பாருன்னு. உள்ள தூக்கிப் போட்டுப் பூட்டிட்டேன். மறுநாள் எடுத்துப் பாத்தேன். அப்புறம் கடையைத் தெறந்து வெளக்கைப் போட்டா மொத வேலை அதுன்னு ஆயிடுச்சு. வெளிய வந்துட்டாளான்னு பாப்பேன். வந்திருப்பா. அப்புறம்தான் கூட்டவே ஆரம்பிப்பேன்."

தெருவில் ஒரு வண்டி போனது. சுவர் முழுக்க மாட்டியிருந்த கண்ணாடிகளில் அது வரிசையாக எதிர்த் திசையில் போனது.

"ஒண்ணு சொல்லல உன்கிட்ட," என்றார். "ரோட்டுல கண்ணைத் தெறந்தேன்னு சொன்னேன் இல்ல? அது பின்பக்கச் சந்து. எந்திரிச்சு மொதல்ல ஓடினது இதோ நீ வரைஞ்சிருக்கற இந்தத் தெருவுக்குத்தான். அவ இந்தப் பக்கமாத்தானே வருவா. வந்து நின்னா, யாரும் இல்ல. கதவு சாத்தியிருக்கு. எல்லாரும் அந்தப் பக்கம் கத்திக்கிட்டு ஓடறாங்க, இந்தத் தெரு மட்டும் ஞாயித்துக்கெழமை மாதிரி கெடக்கு. இந்த வெளக்குக் கம்பம் இருந்துச்சு. இதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தேன். பக்கங்களையெல்லாம் மறுபடி வரையப் போகிறோம் என்று. சந்துப் பக்கத்துப் படி திறக்கும், இந்தப் படி மூடும் என்று. சோடாக் கடைப் பக்கம் இருந்தவர்களின் அண்ணன் தம்பி, பிள்ளைகள் யாராவது இந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள், அவர்கள் ஆள் ஓடி வருவதாக நாங்கள் போட்டிருந்தால் எங்களை என்னவென்று நினைப்பார்கள் என்று. முதல் பக்கத்தில் அண்ணன் எழுதியிருக்கிற வரியையும் சொன்னேன். இந்தப் பக்கத்தில் இனி மூடிய கதவும் வெறும் தெருவும்தான் இருக்கும்.

"மாத்து," என்றார் அத்தை உடனே. "மாத்தாம விட்டா நானே வந்து கிழிச்சுப் போடுவேன். பூட்டை எங்க போடணுமோ அங்க போடு. நல்லாப் பெருசாப் போடு. பூட்டினவன் உன் புத்தகத்துலயாவது தப்பிச்சுடக் கூடாது."

"சரி அத்தை."

"கைக்குழந்தைக்காரர், கால மிதிச்ச அந்த ஆளு, எல்லாரையும் எங்க இருந்தாங்களோ அங்க வை. மொதப் பக்கத்துல உன் அண்ணன் எழுதினது எழுதினதுதான். பொய் கலக்கக் கூடாது."

"சரி."

பையில் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். பதிப்பாளருக்கு என்ன சொல்ல என்று கேட்கத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

அத்தை லென்ஸைத் தாளின் மேல் மெதுவாக நகர்த்தினார். கூட்டம் பெருத்து வந்து நழுவிப் போனது. புகை, செருப்புகள், படிக்கட்டு. லென்ஸ் கம்பத்துக்கு வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாம் சரியாவே வரை. கதவு சாத்தியிருக்கட்டும், தெரு காலியாவே கெடக்கட்டும். நகத்தளவுதானே இருக்கா... இவ ஒருத்திய மட்டும் இங்கயே நிக்க விட்டுடேன் கண்ணு."